நிலைக்க முடியாத அணுவை ஏன் ஏற்றார்கள்? தாம்சன், ரூதர்போர்டு, போர் மாதிரிகள் பற்றி ஒரு மாணவியின் கேள்வி

மேல்மலை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களில் ஒன்றில், அரசுப் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். அணு அமைப்புப் பாடத்தில் டால்டன் தொடங்கி நீல்ஸ் போர் வரை ஒவ்வொரு மாதிரியாக விளக்கி, ஒவ்வொன்றின் முடிவிலும் அதன் குறைபாடுகளை இரண்டு மூன்று வரிகளில் எழுதிப் போடுவது எங்கள் வழக்கம். தேர்வுக்கு அது போதும். இந்த ஆண்டு ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு மட்டும் அந்த வரிகளிலிருந்து விடை கிடைக்கவில்லை.

அவள் கேட்டது இதுதான்: "தாம்சன் மாதிரியில் தர்பூசணிக்குள் விதைகள் இருப்பதுபோல எலக்ட்ரான்கள் நேர்மின்சுமைக்குள் பதிந்திருக்கின்றன, அதனால் அந்த அணு நிலையாக இருக்கும். ரூதர்போர்டு மாதிரியில் சுற்றிவரும் எலக்ட்ரான் ஆற்றலை இழந்து உட்கருவில் விழுந்துவிடும் என்று நீங்களே குறைபாட்டில் எழுதுகிறீர்கள். நிலைக்கக்கூடிய அணுவை விட்டுவிட்டு, நிலைக்க முடியாத அணுவை விஞ்ஞானிகள் எதற்காக ஏற்றுக்கொண்டார்கள்?" தங்கத் தகடு சோதனையைக் காரணமாகச் சொன்னேன். "ஒரு சோதனைக்குப் பொருந்துகிறது என்பதற்காக, அணுவே இருக்க முடியாது என்ற குறையைப் பொறுத்துக்கொள்ளலாமா?" என்று திரும்பக் கேட்டாள்.

அடுத்து இன்னொரு மாணவன் எழுந்து, போர் சொன்னதையும் விடவில்லை. குறிப்பிட்ட பாதைகளில் சுற்றும்போது எலக்ட்ரான் ஆற்றலை இழக்காது என்று போர் கருதினார் எனப் பாடப் புத்தகம் கூறுகிறது. அப்படி ஒருவர் கருதிவிட்டால் போதுமா, அதற்குச் சான்று என்ன என்பது அவன் கேள்வி.

இரண்டுமே நியாயமான கேள்விகள் என்று எனக்குத் தோன்றுகிறது. விளக்கக்கூடியவர்கள் சற்று விரிவாகவே எழுதுங்கள். இந்த மலையிலேயே மாணவர்களுக்கு நேரில் காட்டக்கூடியது ஏதேனும் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

---

பெருமாள்மலை வாசகர் (ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்) எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். அந்த மாணவி கேட்டிருப்பது ரூதர்போர்டே அறிந்திருந்த சிக்கல். 1911ஆம் ஆண்டுக் கட்டுரையில், அணுவின் நிலைத்தன்மை பற்றிய கேள்வியை இந்தக் கட்டத்தில் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று சொல்லி அவர் அதை ஒதுக்கிவைத்தார். ஏன் அப்படி ஒதுக்கிவைக்க முடிந்தது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் தாம்சனின் அணு உண்மையில் எவ்வளவு நிலையானது என்று பார்ப்போம். பாடப் புத்தகப் படத்தில் எலக்ட்ரான்கள் அசையாமல் பதிந்திருக்கின்றன. தாம்சன் 1904இல் கணக்கிட்ட அணுவில் அவை நேர்மின்கோளத்துக்குள் வளையங்களாகச் சுற்றிக்கொண்டிருந்தன. சுற்றும் மின்சுமை ஒளியை உமிழ்ந்து ஆற்றலை இழக்க வேண்டும் என்ற விதி அவருடைய அணுவுக்கும் பொருந்தும். ஆனால் ஒரே வளையத்தில் ஏராளமான எலக்ட்ரான்கள் சம இடைவெளியில் சுற்றினால், அவற்றின் கதிர்வீச்சுகள் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துவிடும். அணுவின் நிறை முழுவதும் எலக்ட்ரான்களால் ஆனது, ஆகவே ஓர் அணுவில் ஆயிரக்கணக்கில் எலக்ட்ரான்கள் இருக்க வேண்டும் என்று அப்போது கருதப்பட்டதால், இந்த விளக்கம் போதுமானதாகத் தெரிந்தது.

அந்த நம்பிக்கையை முறித்தவரும் தாம்சன்தான். எக்ஸ் கதிர்கள் சிதறும் விதம், வாயுக்களில் ஒளி விலகும் விதம், பீட்டா கதிர்கள் உட்கவரப்படும் விதம் ஆகிய மூன்று வழிகளிலும் கணக்கிட்டு, ஓர் அணுவிலுள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கை அதன் அணு எடையை ஒட்டிய அளவில்தான் இருக்கும் என்று 1906இல் அவர் காட்டினார். அப்படியானால் ஹைட்ரஜனில் ஏறத்தாழ ஓர் எலக்ட்ரான்தான் உண்டு, அணுவின் நிறை அனைத்தும் நேர்மின் பகுதியில் இருக்க வேண்டும், சில எலக்ட்ரான்களே சுற்றும் வளையத்தில் கதிர்வீச்சு அழிந்துபோகாது. ஒற்றை எலக்ட்ரான் கோளத்தின் நடுவில் அசையாமல் நிற்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அது அதிர்ந்தால் ஒரே ஓர் அதிர்வெண்ணில்தான் அதிரும், ஹைட்ரஜனோ ஒரு வரிசையாகப் பல நிறமாலைக் கோடுகளை (ஒளியைப் பிரித்தால் தனித்தனியே தெரியும் குறிப்பிட்ட நிறக் கோடுகளை) உமிழ்கிறது. ஆக, 1911க்கு முன்பே தாம்சன் அணு உள்ளுக்குள் தடுமாறிக்கொண்டிருந்தது. நிலைக்கக்கூடிய ஒன்றை விட்டுவிட்டு நிலைக்க முடியாத ஒன்றுக்குப் போனார்கள் என்று சொல்வதற்கில்லை.

இனித் தங்கத் தகடு. "ஒரு சோதனை" என்று மாணவி குறிப்பிட்டது பாடப் புத்தகத்தின் சுருக்கத்தால் வந்தது. மான்செஸ்டரில் கைகரும், அப்போது இளநிலை மாணவராக இருந்த மார்ஸ்டனும் 1909இல் வெளியிட்ட அளவீட்டில், உலோகத் தகட்டின் மீது விழும் ஆல்பா துகள்களில் (கதிரியக்கப் பொருள்களிலிருந்து பாயும் நேர்மின் துகள்களில்) ஏறத்தாழ 8000க்கு ஒன்று 90 பாகைக்கு மேல் திரும்பியது. தாம்சன் அணுவில் ஒரு துகள் ஒவ்வோர் அணுவைக் கடக்கும்போதும் மிகச் சிறிதளவே விலகும். அத்தகைய சிறு விலகல்கள் பல சேர்ந்து தற்செயலாக 90 பாகையைத் தாண்டுவதற்கான வாய்ப்பு 8000க்கு ஒன்று என்பதைவிடக் கணக்கில் கொள்ள முடியாத அளவுக்குக் குறைவு. ஆகவே பெரிய விலகல் ஒரே மோதலில் நிகழ்ந்திருக்க வேண்டும் என்று ரூதர்போர்டு முடிவு செய்தார். மின்சுமை முழுவதும் மையத்தில் மிகச் சிறிய இடத்தில் குவிந்திருந்தால் எந்தக் கோணத்தில் எத்தனை துகள்கள் வர வேண்டும் என்பதற்கு ஒரு விதியையும் வருவித்தார். விலகும் கோணத்தின் பாதிக்குச் சைன் மதிப்பு எடுத்து, அதன் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் துகள்களின் எண்ணிக்கை அமையும் என்பது அந்த விதி. இதன்படி 5 பாகையில் வரும் துகள்கள் 150 பாகையில் வருபவற்றைப்போல் ஏறத்தாழ 2.4 லட்சம் மடங்கு இருக்க வேண்டும். கைகரும் மார்ஸ்டனும் இருட்டறையில் நுண்ணோக்கி வழியே துத்தநாக சல்பைடுத் திரையில் தோன்றும் மினுக்கங்களை எண்ணி, கோணம், தகட்டின் தடிமன், துகளின் வேகம், உலோகத்தின் வகை ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றி, 1913இல் இந்த விதியை உறுதிப்படுத்தினார்கள். லட்சம் மடங்கு வேறுபாடு முழுவதையும் ஒரே விதி பின்தொடர்ந்தது என்பதை வகுப்பில் அழுத்திச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்கேதான் மாணவியின் கேள்விக்கு நேரடியான விடை இருக்கிறது. சிதறல் சோதனை அணுவின் மையத்தைப் பற்றிப் பேசுகிறது. "விழுந்துவிடும்" என்ற குறை எலக்ட்ரான்களைப் பற்றியது. 1911ஆம் ஆண்டுக் கட்டுரையில் எலக்ட்ரான்கள் எந்தப் பாதையில் சுற்றுகின்றன என்பது பற்றி ரூதர்போர்டு எதையும் நிலைநாட்டவில்லை. மையத்திலுள்ள மின்சுமை நேரா எதிரா என்பதைக்கூட அந்தக் கணக்கு தீர்மானிக்கவில்லை, ஏனெனில் விலக்கினாலும் ஈர்த்தாலும் கோணங்களின் பரவல் ஒன்றுதான். ஆகவே உட்கருவை ஏற்பதற்கு எலக்ட்ரான்களின் சிக்கல் தீர்ந்திருக்க வேண்டிய தேவை இல்லை. கோள்கள்போல எலக்ட்ரான்கள் சுற்றும் படத்தைப் பாடப் புத்தகங்கள் ரூதர்போர்டு தலையில் ஏற்றிவிட்டதால்தான், அவர் வேண்டுமென்றே ஒரு முடியாத அணுவை முன்வைத்ததுபோல் தெரிகிறது. (சனிக் கோளின் வளையங்களை ஒத்த ஓர் அணுவை ஜப்பானின் நாகவோகா 1904இலேயே முன்வைத்திருந்தார். அது இதே நிலைத்தன்மைச் சிக்கலில்தான் நின்றது.)

அந்தச் சிக்கல் எவ்வளவு கடுமையானது என்பதையும் மறைக்கக் கூடாது. பழைய மின்காந்தவியலின்படி கணக்கிட்டால், ஹைட்ரஜனின் எலக்ட்ரான் ஒரு நொடியின் பத்தாயிரம் கோடியில் ஒன்றிரண்டு பங்குக்குள் உட்கருவில் விழுந்துவிடும். 1912இல் மான்செஸ்டருக்கு வந்த இளைஞர் போர், இதை உட்கரு மாதிரியின் தோல்வியாகக் கொள்ளாமல், அதில் ஏதோ ஓர் அளவு விடுபட்டிருக்கிறது என்பதற்கான அறிகுறியாகக் கொண்டார். தாம்சன் அணுவில் நேர்மின்கோளத்தின் ஆரம் என்று ஒரு நீளம் முதலிலேயே வைக்கப்பட்டிருக்கிறது, ஆகவே அணுவின் பருமன் பற்றிக் கேள்வி எழாது. ரூதர்போர்டு அணுவில் எலக்ட்ரானின் மின்சுமையும் நிறையும் உட்கருவின் மின்சுமையும்தான் இருக்கின்றன, இவற்றை எப்படிப் பெருக்கினாலும் வகுத்தாலும் ஒரு நீளம் வராது. ஒளியின் வேகத்தையும் சேர்த்துக்கொண்டால் ஒரு நீளம் வருகிறது, ஆனால் அது அணுவைவிடப் பல ஆயிரம் மடங்கு சிறியது. ஒளியின் ஆற்றலை அதன் அதிர்வெண்ணோடு இணைக்க பிளாங்க் 1900இல் கண்ட மாறிலியைச் சேர்த்தால் 0.053 நானோமீட்டர் கிடைக்கிறது. வாயுக்களின் பண்புகளிலிருந்து மதிப்பிடப்பட்டிருந்த அணுவின் பருமனுடன் அது ஒத்துப்போகிறது. 1913ஆம் ஆண்டுக் கட்டுரையின் தொடக்கத்திலேயே போர் இந்த வாதத்தை வைக்கிறார். தாம்சன் அணுவில் கேட்கவே முடியாத ஒரு கேள்வியை ரூதர்போர்டு அணு கேட்க வைத்தது, அதற்கு விடையும் இருந்தது. அதைக் குறையாகப் பட்டியலிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

---

உதகை ஆய்வு மாணவர் எழுதியது:

பேராசிரியர் ஐயா எழுதியதைத் தொடர்ந்து, "கருதிவிட்டால் போதுமா" என்ற இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல முயல்கிறேன். போதாது. அந்த மாணவன் கேட்டதுபோலவே அக்காலத்தின் மூத்த இயற்பியலாளர்கள் பலரும் கேட்டார்கள். அவர்களை அசைத்தவை நிறமாலைக் கோடுகள்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பெண்கள் பள்ளியொன்றில் கணித ஆசிரியராக இருந்த பால்மர், 1885இல், தம் அறுபதாம் வயதில், ஹைட்ரஜனின் நான்கு கோடுகளுக்கு ஒரு சூத்திரம் கண்டார். இதை உங்கள் மாணவர்களே போட்டுப் பார்க்கலாம். 364.56 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு 9இல் பெருக்கி 5ஆல் வகுத்தால் 656.2 வரும். 16இல் பெருக்கி 12ஆல் வகுத்தால் 486.1, 25இல் பெருக்கி 21ஆல் வகுத்தால் 434.0, 36இல் பெருக்கி 32ஆல் வகுத்தால் 410.1. இவைதான் நானோமீட்டரில் அந்த நான்கு கோடுகளின் அலைநீளங்கள். மேலே உள்ளவை 3, 4, 5, 6 ஆகியவற்றின் வர்க்கங்கள், கீழே உள்ளவை அவற்றிலிருந்து 4 குறைந்தவை. வெண்ணிற விண்மீன்களின் ஒளியில் ஹக்கின்ஸ் கண்டிருந்த புறஊதாக் கோடுகளுக்கும் அதே சூத்திரம் பொருந்தியது. ஆனால் ஏன் பொருந்துகிறது என்பதை 28 ஆண்டுகள் யாராலும் சொல்ல முடியவில்லை.

1913இன் தொடக்கத்தில் போர் அந்தச் சூத்திரத்தைப் பார்த்தார். எலக்ட்ரானின் கோண உந்தம் (நிறை, வேகம், பாதையின் ஆரம் ஆகியவற்றின் பெருக்கம்) பிளாங்க் மாறிலியை 2π ஆல் வகுத்து வரும் அளவின் முழு மடங்காகத்தான் இருக்க முடியும் என்று கொண்டால், அனுமதிக்கப்பட்ட ஆற்றல்கள் முழு எண்களின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் அமைகின்றன. எலக்ட்ரான் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும்போது ஆற்றல் வேறுபாடே ஒளியாக வருகிறது என்றால், பால்மரின் வர்க்கங்கள் தாமாகவே வந்துவிடுகின்றன. அதற்கும் மேலாக, பால்மர் அளவீட்டிலிருந்து எடுத்துக்கொண்ட மாறிலியை எலக்ட்ரானின் மின்சுமை, நிறை, பிளாங்க் மாறிலி ஆகியவற்றிலிருந்தே போர் கணக்கிட்டார். அதிர்வெண் அலகில் அவர் கணக்கில் வந்தது 3.1×10¹⁵, நிறமாலை அளவீடு தந்தது 3.29×10¹⁵. அப்போது அந்த மூன்று மாறிலிகளும் அறியப்பட்டிருந்த துல்லியத்துக்குள் இரண்டும் ஒன்றே.

என்னை மிகவும் கவர்ந்தது அடுத்து நடந்தது. சீட்டா பப்பிஸ் என்ற விண்மீனின் ஒளியில் பிக்கரிங் 1896இல் ஒரு புதிய கோட்டு வரிசையைக் கண்டிருந்தார். அது ஹைட்ரஜனுடையது என்று எல்லோரும் நம்பினார்கள். போர் தம் மாதிரியின்படி, அது ஓர் எலக்ட்ரானை இழந்த ஹீலியத்தின் வரிசை என்றார். உட்கருவின் மின்சுமை இரண்டானால் ஆற்றல்கள் நான்கு மடங்காகும், அதனால் அந்தக் கோடுகள் ஹைட்ரஜன் கோடுகளை ஒத்துத் தோன்றுகின்றன என்பது அவர் விளக்கம். லண்டனின் நிறமாலை வல்லுநர் பவுலர் மறுத்தார். துல்லியமாக அளந்தால் இந்த வரிசையின் மாறிலிக்கும் ஹைட்ரஜனின் மாறிலிக்கும் உள்ள விகிதம் 4 அல்ல, 4.0016 என்று காட்டினார். உட்கரு அசையாமல் நிற்பதில்லை, எலக்ட்ரானும் உட்கருவும் பொது நிறை மையத்தைச் சுற்றுகின்றன என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால் 4.00163 வர வேண்டும் என்று போர் பதிலளித்தார். மறுப்புக்காகக் கொண்டுவரப்பட்ட எண்ணே சான்றாகிவிட்டது. அந்த விண்மீனை நம் மலைகளிலிருந்து வெறுங்கண்ணால் பார்க்கலாம். மார்ச் முதல் வாரத்தில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கு நோக்கி நின்றால் அகத்திய மீன் தெரியும், அதற்கு இடப்புறம் சற்று உயரத்தில் இருப்பது சீட்டா பப்பிஸ்.

ஒளியைச் சாராத சான்று 1914இல் வந்தது. பிராங்க், ஹெர்ட்ஸ் ஆகிய இருவரும் பாதரச ஆவிக்குள் எலக்ட்ரான்களைச் செலுத்தினார்கள். அவற்றின் ஆற்றல் 4.9 எலக்ட்ரான் வோல்ட்டை (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) எட்டும்வரை அணுக்கள் அதை வாங்கிக்கொள்ளவில்லை, எட்டியதும் வாங்கிக்கொண்டு 253.7 நானோமீட்டர் புறஊதா ஒளியை உமிழ்ந்தன. அணு ஆற்றலை எந்த அளவிலும் வாங்காது, குறிப்பிட்ட அளவில்தான் வாங்கும் என்பதை இது நேரடியாகக் காட்டியது. வகுப்பறையிலுள்ள ட்யூப் லைட்டுக்குள் உண்டாவதும் அதே 253.7 நானோமீட்டர் ஒளிதான், குழாயின் உட்பூச்சு அதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுகிறது.

ஆனால் ஒன்றை வலியுறுத்த வேண்டும். போர் மாதிரியில் நிலைத்து நின்றவை ஆற்றல் நிலைகளும் அவற்றுக்கிடையிலான மாற்றங்களும் மட்டுமே. வட்டப் பாதைகள் நிற்கவில்லை. இரண்டு எலக்ட்ரான்கள் உள்ள சாதாரண ஹீலியத்தின் நிறமாலையைக்கூட அந்த மாதிரியால் தர இயலவில்லை. எந்தக் கோடு பிரகாசமாக இருக்கும், எது மங்கலாக இருக்கும் என்பதற்கும் அதனிடம் முறையான விடை இல்லை. ஹைட்ரஜனின் அடிநிலையில் (மிகக் குறைந்த ஆற்றல் நிலையில்) சுற்றுப்பாதைக் கோண உந்தம் ஓர் அலகு என்கிறது போர் மாதிரி, 1926இல் ஷ்ரோடிங்கர் தந்த சமன்பாட்டின்படி அது சுழி. ஆகவே ஒன்பதாம் வகுப்பில் வட்டங்களை வரைந்து அவற்றில் எலக்ட்ரான்களைப் புள்ளிகளாக வைக்கும் பழக்கத்தைக் கைவிட்டு, ஆற்றல் நிலைகளை ஏணிக் கோடுகளாக வரைவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

---

மேல்மலை ஆசிரியை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. உட்கருவுக்கான சான்றும் எலக்ட்ரானைப் பற்றிய குறையும் அணுவின் இரு வேறு பகுதிகளைப் பற்றியவை என்ற விளக்கத்தை அந்த மாணவிக்குச் சொன்னேன். அவள் அதை ஏற்றுக்கொண்டாள். ஆனால் உடனே, எலக்ட்ரான் எங்கே இருக்கிறது என்று ரூதர்போர்டுக்குத் தெரியாது என்பதைப் பாடப் புத்தகத்திலும் எழுதியிருக்கலாமே என்றாள்.

பால்மர் கணக்கை வகுப்பில் எல்லோரும் போட்டார்கள். 656 நானோமீட்டர் ஒளியை நேரில் காண முடியுமா என்பது இப்போது அவர்களுடைய ஆவல். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்றால் இந்தப் பாடத்துக்குப் பயன்படுமா?

---

நாயுடுபுரம் வானியல் ஆர்வலர் எழுதியது:

கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள், அம்மா. இந்தப் பாடத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை. அப்சர்வேட்டரி அருங்காட்சியகத்தில் சூரியனின் பிம்பத்தையும் அதன் நிறமாலையையும் திரையில் காட்டுகிறார்கள். நண்பகலுக்குப் பிறகு மஞ்சு ஏறிவிடுவது நம் ஊர் வழக்கமாதலால், முதல் பேருந்திலேயே புறப்பட்டு முற்பகலில் வந்து சேருங்கள். பார்வை நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

நிறமாலையில் சிவப்புப் பகுதியில் ஒரு கருங்கோட்டைக் காண்பார்கள். சூரிய நிறமாலையின் கருங்கோடுகளுக்கு எழுத்துகளால் பெயரிட்ட பிரான்ஹோபர் அதற்கு இட்ட எழுத்து சி. மாணவர்கள் கணக்கிட்ட 656 நானோமீட்டர் அதுவே. சூரியனின் உள்ளிருந்து வரும் ஒளியில் அந்த ஓர் அலைநீளத்தை ஹைட்ரஜன் அணுக்கள் வாங்கிக்கொண்டு இரண்டாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு ஏறுவதால் அது கருமையாகத் தெரிகிறது. 1899இல் நிறுவப்பட்டு 1901 முதல் முறையான நோக்கீடுகளைத் தொடங்கிய இந்த ஆய்வகத்தில், அந்தச் சிவப்புக் கோட்டின் ஒளியில் மட்டும் சூரியனைப் படமெடுப்பது 1912இல் தொடங்கியது. அதாவது, அந்தக் கோடு எப்படி உண்டாகிறது என்பதை போர் விளக்குவதற்கு ஓராண்டு முன்பே, அந்த ஒளியில் எடுத்த சூரியப் படங்கள் நம் மலையில் சேரத் தொடங்கிவிட்டன. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் இங்கே 1909 ஜனவரியில் கண்டறிந்ததும், நிறமாலைக் கோடுகள் சற்றே இடம் பெயர்ந்திருந்ததை அளந்துதான்.

ஊதா ஓரத்தில் 393.4 நானோமீட்டரில் இருக்கும் கே கோட்டையும் காட்டச் சொல்லுங்கள். அது ஓர் எலக்ட்ரானை இழந்த கால்சியத்தின் கோடு. இந்த ஒளியிலும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இங்கே சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். சூரியனில் ஹைட்ரஜன்தான் மிகுதி என்றால் கால்சியம் கோடு எப்படி இவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று மாணவர்கள் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். இதற்கான வழியைத் திறந்தவர் மேகநாத் சாகா. கால்சியம் ஓர் எலக்ட்ரானை இழக்க 6.1 எலக்ட்ரான் வோல்ட் போதும். சூரிய வளிமண்டலத்தின் வெப்பத்திலும் குறைந்த அழுத்தத்திலும் பெரும்பாலான கால்சியம் அணுக்கள் அதை இழந்துவிடும் என்று 1920இல் அவர் ஒரு சமன்பாட்டால் காட்டினார். ஹைட்ரஜன் அந்தச் சிவப்பு ஒளியை வாங்குவதற்கு முதலில் இரண்டாம் நிலையில் இருக்க வேண்டும், அதற்கு 10.2 எலக்ட்ரான் வோல்ட் தேவை. சூரியப் பரப்பின் 5800 கெல்வின் வெப்பநிலையில் ஏறத்தாழ 20 கோடி ஹைட்ரஜன் அணுக்களில் ஒன்றுதான் அந்த நிலையில் இருக்கும். அந்த ஒன்று மட்டும் உண்டாக்கும் கோட்டைத்தான் நாம் பார்க்கிறோம். ஆற்றல் நிலைகள் என்ற கருத்து இல்லாமல் இந்தக் கணக்கை நினைத்துப் பார்க்கவே முடியாது.

ஹீலியத்தின் கதையும் நம் பக்கத்தில்தான் தொடங்கியது. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணத்தின்போது குண்டூரில் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் நோக்கியவர்களில் அடங்குவர். சூரியனின் விளிம்பில் தெரிந்த ஒரு மஞ்சள் கோடு சோடியத்தினுடையதன்று என்பது விரைவில் தெளிவாயிற்று. ராம்சே 1895இல் பூமியில் அந்தக் கோட்டுக்குரிய ஹீலியத்தைப் பிரித்தெடுக்கும்வரை அது சூரியனின் பொருளாகவே அறியப்பட்டிருந்தது.

பள்ளியிலேயே செய்வதற்கு ஒரு பழைய சி.டி. துண்டும் ஓர் அட்டைப் பெட்டியும் போதும். பெட்டியின் ஒரு பக்கத்தில் இரண்டு பிளேடுகளை நெருக்கி ஒட்டிக் குறுகிய பிளவு உண்டாக்கி, எதிர்ப்பக்கத்தில் சி.டி. துண்டைச் சாய்வாக வைத்து, மேலே ஒரு துளை வழியாகப் பாருங்கள். ட்யூப் லைட்டையோ சி.எஃப்.எல். விளக்கையோ நோக்கினால் பாதரசத்தின் 546 நானோமீட்டர் பச்சைக் கோடும் 436 நானோமீட்டர் நீலக் கோடும் தனித்துத் தெரியும். எல்.இ.டி. விளக்கில் அப்படிப்பட்ட கோடுகள் வராது, தொடர்ச்சியான பட்டையே வரும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கச் செய்யுங்கள். சூரியனை நோக்கி மட்டும் எக்காரணம் கொண்டும் பெட்டியைத் திருப்ப விடாதீர்கள்.

---

பெருமாள்மலை வாசகர் எழுதியது:

உதகைத் தம்பி எழுதியவற்றில் ஒன்றில் மட்டும் நான் மாறுபடுகிறேன். வட்டப் பாதைகளை ஒன்பதாம் வகுப்பிலேயே நீக்கிவிட்டால், 0.053 நானோமீட்டர் எங்கிருந்து வருகிறது என்பதை மாணவர்களுக்குக் காட்ட வேறு எளிய வழி இல்லை. ஷ்ரோடிங்கரின் கணக்கிலும் அந்த நீளம் மறைந்துவிடவில்லை. அடிநிலையில் எலக்ட்ரானைக் காண்பதற்கான வாய்ப்பு, உட்கருவிலிருந்து அதே தொலைவில்தான் மிகுதியாக இருக்கிறது. வட்டத்தை வரையட்டும், பக்கத்திலேயே ஏணியையும் வரையட்டும். 1926க்குப் பிறகு வட்டம் போய்விட்டது, ஏணி அப்படியே இருக்கிறது என்று ஆசிரியர் சொல்லட்டும். அதைக் கேட்டு ஏன் என்று ஒரு மாணவர் கேட்டால், அதற்குரிய பாடம் மேல்நிலை வகுப்பில் இருக்கிறது.

டால்டனைப் பற்றி யாரும் எழுதவில்லை. பிளக்க முடியாத அணு என்று ஒரு வரியில் தள்ளிவிடுவது அவருக்குச் செய்யும் அநீதி. 3 கிராம் கார்பனுடன் 4 கிராம் ஆக்சிஜன் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு, 8 கிராம் சேர்ந்தால் கார்பன் டைஆக்சைடு. 4க்கும் 8க்கும் நடுவில் எதுவும் ஏன் இல்லை என்ற கேள்விக்கு முழு எண்ணிக்கையில் சேரும் அணுக்களே அவருடைய விடை. அந்த விடை இன்றும் மாறவில்லை.

அந்த மாணவி அடுத்து என்ன கேட்கக்கூடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தங்கத்தின் உட்கருவில் 79 புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்கியபடி எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று கேட்பாள். சாட்விக் 1932இல் நியூட்ரானைக் கண்டபோது அந்தக் கேள்வி முழு வடிவம் பெற்றது. அதைப் பற்றி எழுத வேண்டுமானால் தனி இழை ஒன்றைத் தொடங்குங்கள், எழுத ஆயத்தமாக இருக்கிறேன்.